நான்கு பெட்டைக்கு ஐந்து ஆண் வாத்துகள்

வாசகர் கேள்வி:

வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஒன்பது வாத்துக் குஞ்சுகள் வாங்கினோம். வளர்ந்த பிறகு பார்த்தால் ஐந்து ஆண், நான்கு பெட்டை. இப்போது எட்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரே கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தவை, சில வாரங்களாக மாறிவிட்டன. ஆண் வாத்துகள் பெட்டைகளை விரட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பெட்டைக்குப் பிடரியில் இறகே இல்லை, தோல் தெரிகிறது. இன்னொன்று நொண்டுகிறது, காலையில் கூண்டைத் திறந்தாலும் வெளியே வருவதில்லை. முட்டையும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்பதுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், எதையும் வெளியே கொடுக்க மனம் வரவில்லை. இன்னும் சில பெட்டைகள் வாங்கிச் சேர்த்தால் சரியாகிவிடுமா? ஆண் வாத்துகளை எல்லாம் பிரித்துவிட்டால் பெட்டைகள் முட்டையிடுவது நின்றுவிடுமா?

கால்நடை மருத்துவர் பதில்:

முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் ஐந்து ஆண் வாத்துகளையும் பிடித்துத் தனியே அடையுங்கள். கம்பி வலையோ பழைய கதவோ, கையில் கிடைப்பதை வைத்துத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். நல்ல அடைப்பு பிறகு கட்டிக்கொள்ளலாம். பிடரியில் தோல் தெரிகிற வாத்தும் நொண்டுகிற வாத்தும் இன்னொரு நாளைத் தாங்க வேண்டாம்.

பிரித்த பிறகு அந்த இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். சாயங்காலம், கூண்டில் அடங்கிய பிறகு பிடித்தால் அதிகம் திமிறாது. இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, வாத்தின் கால் அவ்வளவு வலுவானது இல்லை. பிடரி இறகைக் கட்டைவிரலால் எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் உள்ளே இருப்பது தெரியும். சில இடங்களில் இறகு உடைந்து வெறும் தண்டு நிற்கும். சில இடங்களில் இறகு வேரோடு போய்த் தோல் மட்டும் இருக்கும். காயம் பட்ட இடத்தில் பொருக்கு கட்டியிருக்கும். வேரோடு போன இடத்தில் சில வாரங்களிலேயே புதுக் குருத்துகள் முளைத்துவிடும். உடைந்த தண்டோ அடுத்த முறை இறகு உதிர்க்கும் வரை அப்படியேதான் நிற்கும். ஆகவே, ஒரு மாதம் கழித்தும் பிடரி முழுசாக மூடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெறும் தோலுக்கு மருந்து எதுவும் தேவையில்லை, மேற்கொண்டு கொத்துப்படாமல் இருந்தாலே போதும்.

பொருக்கோ திறந்த புண்ணோ இருந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவுங்கள். தினமும் இறகை விலக்கிப் பாருங்கள். ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் வெளியே இருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, உள்ளே புண் பெருத்துக்கொண்டே போகும். புண்ணில் நாற்றமோ ஈரமோ கண்டால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நொண்டுகிற வாத்தின் பாதத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் வீங்கிக் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தால் அது பாதப் புண். அதற்கும் ஆண் வாத்துகளுக்கும் சம்பந்தமில்லை, தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். பாதம் சுத்தமாக இருந்தால், திரும்பத் திரும்ப மேலே ஏறி மிதித்ததில் இடுப்போ முழங்காலோ சுளுக்கியிருக்கலாம். வைக்கோல் தடிமனாகப் பரப்பிய இடத்தில், தீவனமும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் விடுங்கள். கூடவே நல்ல நிலையில் இருக்கிற ஒரு பெட்டையையும் விடுங்கள், தனியாக அடைத்தால் வாத்து தீனியையே மறந்துவிடும். இரண்டு மூன்று நாளில் கால் ஊன்றத் தொடங்க வேண்டும். கால் தொங்கினாலோ, வாத்து குறுகி உட்கார்ந்து வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பின்னால் சொன்னது முட்டை அடைத்துக்கொண்டதற்கான அறிகுறி, அதில் தாமதிக்க நேரமில்லை. வீட்டில் இருக்கிற மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது காரணத்துக்கு வருவோம். நேற்று வரை சாதுவாக இருந்த வாத்துகள் திடீரென்று கெட்டுப்போய்விட்டதாகப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். கெட்டுப்போகவில்லை, பருவத்துக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலான இனங்களில் ஆண் வாத்து ஐந்து முதல் ஏழு மாதத்துக்குள் மிதிக்க, அதாவது பெட்டையோடு இணைசேரத் தொடங்கும். பகல் நீளும் காலத்தில் அந்த வேகம் இன்னும் கூடும். உங்களுடையவை இப்போது அந்த வயதைத் தாண்டியிருக்கின்றன.

மணிலா வாத்தைத் தவிர, வீட்டில் வளரும் வாத்து இனங்கள் எல்லாம் மல்லார்ட் என்கிற காட்டு வாத்தின் வழியில் வந்தவை. காட்டில் அவை இனப்பெருக்கக் காலம் தொடங்கும் முன்பே ஜோடி சேர்ந்துவிடும். ஜோடி கிடைக்காத ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து அடுத்ததன் பெட்டையைத் துரத்துவது அங்கேயும் நடக்கிறது. ஆனால் காட்டுப் பெட்டை பறந்துவிடும், புதருக்குள் ஒளியும், தண்ணீரில் முங்கி வேறு பக்கம் எழும். அதன் ஜோடியும் குறுக்கே வந்து மற்ற ஆண்களை விரட்டும். வேலி போட்ட தோட்டத்தில், பறக்கத் தெரியாத வீட்டு வாத்துக்கு இதில் எதுவும் கிடையாது. துரத்தல் அதே வேகத்தில் நடக்கிறது, தப்பிக்கிற வழி மட்டும் அடைபட்டுவிட்டது. கூண்டைத் திறந்தும் உங்கள் பெட்டை வெளியே வராததற்கு அதுதான் காரணம். அதற்குத் தெரிந்த ஒரே ஒளிவிடம் அந்தக் கூண்டு. வெளியே வராததால் தீனி குறைகிறது, தீனி குறைந்தால் முட்டையும் குறையும்.

ஒரு ஆணுக்கு எத்தனை பெட்டை என்பதற்கு வழக்கத்தில் இருக்கிற கணக்கு நான்கு முதல் ஆறு. பெக்கின் போன்ற கனத்த இனங்களில் ஒன்றுக்கு நான்கோ ஐந்தோ வைப்பார்கள். காக்கி கேம்பல், இந்தியன் ரன்னர் போன்ற சுறுசுறுப்பான இனங்களில் ஒன்றுக்கு ஐந்து, ஆறு வைப்பார்கள். இது குஞ்சு பொரிக்க முட்டை எடுப்பவர்கள் கடைப்பிடிக்கிற கணக்கு என்பதை மறக்க வேண்டாம். முட்டையில் கரு கூடினால் அவர்கள் நோக்கம் நிறைவேறிவிடும். வீட்டில் வளர்க்கிற நாம் அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் பெட்டையின் பிடரியையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆண் வாத்து எல்லாப் பெட்டைகளையும் சமமாக நாடாது. ஆறு பெட்டை இருந்தாலும் பிடித்த ஒன்றையே சுற்றிச் சுற்றி வரும். கணக்கு சரியாக இருக்கும், அந்த ஒரு பெட்டையின் பிடரி மட்டும் மொட்டையாகும். எந்த விகிதத்தில் வைத்திருந்தாலும் வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு பெட்டையின் பிடரி, முதுகு, கண் மூன்றையும் பாருங்கள். கண் ஓரத்தில் நுரை கட்டியிருந்தால் ஒன்று அலகு பட்டிருக்கும், இல்லை தலையை முழுதாக முக்கிக் கழுவுகிற ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாமல் இருக்கும்.

இன்னொன்றும் கணக்கில் வராது. ஒரே ஒரு ஆணும் மூன்று பெட்டையும் இருக்கிற இடம் பல நேரம் அமைதியாகவே ஓடும். மூன்று ஆணும் ஒன்பது பெட்டையும் இருக்கிற இடத்தில் விகிதம் அதேதான், ஆனால் அமைதி இருக்காது. ஒன்று மிதிக்கத் தொடங்கியதும் மற்றவையும் ஓடிவந்து அதே பெட்டையின் மேல் ஏறும். ஆண்களின் எண்ணிக்கை இரண்டைத் தாண்டும்போதே போட்டிதான் முதல் சிக்கல். சிறிய தோட்டத்துக்கு ஒரு ஆண், அதுவும் தேவை என்றால் மட்டும் என்பது என் கருத்து.

இதிலிருந்தே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. ஐந்து ஆண்களுக்குப் பெட்டை சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும் என்றால் மொத்தம் இருபதிலிருந்து முப்பது பெட்டை வேண்டும். நான்கு பெட்டையோடு இன்னும் நான்கைச் சேர்த்தால், அடிபடுகிற பெட்டைகள் எட்டாகும், அவ்வளவுதான். புதிதாக வருபவை உடனே கூட்டத்தில் சேரவும் முடியாது. நோய் இருக்கிறதா என்று இரண்டு மூன்று வாரமாவது தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். இளம் பெட்டையாக இருந்தால் முட்டையிடும் பருவம் வரும் வரை வளர்ந்த ஆண்களோடு விடவே கூடாது, அந்த எடையை அதன் உடம்பு தாங்காது. பெட்டை சேர்க்கிற ஆசை இருந்தால் ஆண்களைப் பிரித்து, நிலைமை அடங்கிய பிறகு, இடமும் தண்ணீரும் தாங்குகிற அளவுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்: ஆண் வாத்து இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். அதில் கரு இருக்காது, குஞ்சு வராது, மற்றபடி எந்த வித்தியாசமும் கிடையாது. உங்கள் பெட்டைகள் இப்போது இருக்கிற நிலையில், பிரித்த பிறகு முட்டை கூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதற்குள் இறகு உதிர்க்கும் காலம் வந்துவிட்டால் கொஞ்ச நாள் முட்டை நிற்கும், அது இயல்பு. ஆண் இல்லாத கூட்டத்தில் சில சமயம் ஒரு பெட்டை இன்னொரு பெட்டையின் மேல் ஏறும். ஆண் என்று தவறாக அடையாளம் கண்டுவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம், யார் பெரியவர் என்று காட்டிக்கொள்கிற பழக்கம் அது.

அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் குரலைக் கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, கணீரென்று "குவாக்" என்று கத்துவது பெட்டை. ஆணின் குரல்நாளத்தில் இடப்பக்கம் எலும்புக் குமிழ் ஒன்று இருக்கிறது, அதனால் தொண்டை கட்டியது போல மெல்லிய கரகரப்பு மட்டும்தான் வரும். வாலின் மேல் மூன்று நான்கு மாதத்தில் சுருண்டு நிற்கிற இறகும் ஆணுக்கே உரியது. அது உதிர்கிற காலமும் உண்டு என்பதால் குரலே நம்பகமானது. மணிலா வாத்தில் மட்டும் இந்த இரண்டு அடையாளமும் உதவாது. அதில் ஆண் சீறும், பெட்டையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை இருக்கும், முகத்தில் சிவப்புச் சதை அதிகம்.

எதையும் கொடுக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் ஐந்து ஆண்களையும் சேர்த்து வைத்தால் அவை ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போகும். இது பலருக்கும் நம்பமுடியாததாக இருக்கும், ஏனென்றால் சேவல்களை வைத்துத்தான் எல்லோரும் எடைபோடுகிறோம். வாத்துகள் சேவல்களைப் போல வன்மம் வைத்துக்கொள்ளாது. முதல் சில நாட்கள் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு, கழுத்தைக் கவ்வித் தள்ளும். ரத்தம் வராத வரை விட்டுவிடுங்கள், வரிசை முடிவானதும் அடங்கிவிடும். நடுவே இருக்கிற வலை வழியாகப் பெட்டைகள் தெரிந்தால் மட்டும் அடங்காது, வேலி ஓரமாகவே நடந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத்தை ஓலையோ தகரமோ வைத்து மறைத்துவிடுங்கள். ஐந்துக்கும் தனியாகத் தண்ணீர்த் தொட்டி, தனியாகத் தீவனம். முட்டையிடும் பறவைகளுக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3 முதல் 4 சதவீதம் இருக்கும், அதைத் தொடர்ந்து தின்றால் ஆணின் சிறுநீரகம் கெடும். ஆண்களுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்த பராமரிப்புத் தீவனம் கொடுங்கள். பெட்டைகளுக்கு உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்கிற ஏற்பாடு இதுதான்: ஆண்கள் ஒரு பக்கம், பெட்டைகள் ஒரு பக்கம், இரண்டும் நிரந்தரமாக. குஞ்சு எடுக்கும் எண்ணம் இல்லாத வீட்டில் பெட்டைகளோடு ஆண் இருந்தே தீர வேண்டும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

குஞ்சு எடுக்க ஆசை என்றால் நான்கு பெட்டையோடு ஒரே ஒரு ஆணை விடலாம், அதுவும் பிடரியெல்லாம் ஆறிய பிறகு. எது என்று தேர்ந்தெடுக்கும்போது பெரியதையோ அழகானதையோ எடுக்காதீர்கள். பெட்டையின் முன்னால் வந்து தலையை மேலும் கீழும் ஆட்டிக்காட்டி, பெட்டையும் பதிலுக்கு ஆட்டிவிட்டுத் தாழ்ந்து படுத்த பிறகு மிதிக்கிற ஆண் ஒன்று இருக்கும். மிதித்து முடித்ததும் விலகிப் போய்த் தண்ணீரில் இறங்கும். ஓடுகிற பெட்டையைப் பின்னாலேயே துரத்திப் பிடரியைக் கவ்வுகிற ஆண் இன்னொன்று இருக்கும். ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் பெட்டைகளோடு விட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். எடையும் பொருந்த வேண்டும். 4 கிலோ பெக்கின் ஆணை 2 கிலோ காக்கி கேம்பல் பெட்டையோடு விட்டால், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பெட்டையின் இடுப்பு தாங்காது.

உங்கள் ஒன்பதும் ஒரே இடத்தில் வாங்கியவை என்பதால் உடன்பிறப்புகளாக இருக்கலாம். குஞ்சுக்காக வைக்கும் ஆணை, வாத்து வளர்க்கிற வேறொருவரிடம் மாற்றி வாங்குவது நல்லது. மாற்றிய உடனே முட்டையை அடை வைக்காதீர்கள். பழைய ஆணின் விந்து பெட்டையின் உடலில் ஒரு வாரம், பத்து நாள், சிலவற்றில் இரண்டு வாரம்கூடத் தங்கும். மூன்று வாரம் கழித்து எடுக்கிற முட்டைகள் புது ஆணுடையவை என்று தைரியமாகச் சொல்லலாம். மணிலா ஆணையும் மற்ற இனப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சு வரும், ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து இனம் பெருக்காது.

உங்கள் கடிதத்தில் கோழி இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் ஆண் வாத்துகளைக் கோழிகளோடு சேர்த்து அடைக்காதீர்கள். பெட்டை வாத்தைப் பிரித்த பிறகு சிலர் இந்த ஏற்பாட்டுக்குத்தான் போகிறார்கள். பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்குறி கிடையாது, சேவலுக்கும் கிடையாது. ஆண் வாத்துக்கு உண்டு, திருகாணி போல முறுக்கிய நீண்ட உறுப்பு. பெட்டை வாத்தின் பாதை அதற்கு எதிர்த் திசையில் முறுக்கியிருப்பதையும், இடையில் முட்டுச்சந்து போன்ற பைகள் இருப்பதையும் பாட்ரிசியா பிரென்னன் என்கிற உயிரியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2007-ல் விவரித்தார்கள். வலுக்கட்டாயமாக மிதிபடும்போது கரு கூடாமல் தடுக்கப் பெட்டையின் உடம்பில் உருவான அமைப்பு அது என்பது அவர்கள் கருத்து. கோழியின் உடம்பு ஆண் வாத்தின் உறுப்புக்கு ஏற்றதல்ல, உள்ளே கிழிந்து செத்துப்போகவும் கூடும். போட்டி மிகுந்த கூட்டத்தில் ஆண் வாத்தின் உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் காய்ந்துவிடுவதும் உண்டு. உங்கள் ஐந்தில் ஏதாவது ஒன்றின் வாலடியில் இளஞ்சிவப்பாக ஏதோ தொங்குவதைக் கண்டால் அதை ஈரமாக வைத்து அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கவனம் தேவை. தண்ணீரில் மிதந்தபடி சேரும்போது பெட்டையின் மேல் எடை குறைவாக விழும், ஒரு ஆண் இருக்கிற கூட்டத்தில் அது நல்லதே. பல ஆண்கள் ஒரே நேரத்தில் ஏறினால் பெட்டையின் தலை தண்ணீருக்குள் அமுங்கி மூச்சு முட்டிவிடும். முழுதாகப் பிரித்து முடிக்கும் வரை ஆழமான தொட்டியை மூடியே வையுங்கள், தலை முக்குகிற அளவுக்கு வாளியில் தண்ணீர் இருந்தால் போதும்.

ஒன்றிரண்டு ஆணைக் கொடுக்கலாம் என்று பிறகு தோன்றினால் அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. இறைச்சிக்கு என்று முடிவெடுப்பதும் அவரவர் விருப்பம். குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். பார்க்க விடுதலை போல இருக்கும். தீவனம் போட்டு வளர்ந்த, பறக்கத் தெரியாத வாத்து அங்கே நாய்க்கோ நரிக்கோ இரையாகும், பிழைத்தால் காட்டு வாத்துகளோடு கலந்து அவற்றின் இனத்தைக் கெடுக்கும்.

அடுத்த முறை முட்டையை நீங்களே அடை வைக்க நேர்ந்தால், கூரான முட்டை ஆண், உருண்டை முட்டை பெட்டை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வாத்தில் குஞ்சு ஆணா பெட்டையா என்பது தாயின் உடலிலேயே முடிவாகிவிடுகிறது, முட்டையின் வடிவத்துக்கும் அடைச் சூட்டுக்கும் அதில் பங்கில்லை. பாதிக்குப் பாதி என்பது சராசரிதான். பத்துக் குஞ்சு பொரித்தால் அதில் ஏழோ அதற்கு மேலோ ஆணாக வருவது ஏறக்குறைய ஆறு முறைக்கு ஒரு முறை நடக்கும். ஆகவே ஆண்களுக்கான தனி அடைப்பை முதலில் கட்டிவிட்டு அப்புறம் முட்டையை வையுங்கள். சாதாரண இனங்களில் பொரிக்க 28 நாள், மணிலாவில் 35 நாள் ஆகும். குரல் உடைந்து ஆண் எது என்று தெரிந்த பிறகும் மிதிக்கத் தொடங்க மூன்று மாதமாவது இருக்கும், அதற்குள் மாற்றிவிடலாம்.